உள்ளங்கை எடை

பிரோட், 14 செப்டம்பர் 2021

கூமே,

டிரைவர் ஸ்வெட்கோவின் ஒன்பதரை மணி பஸ்ஸில் ஒரு பொட்டலம் வருகிறது. நீஷ் பஸ் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள். உள்ளே பெக்லனா தொத்திறைச்சி இரண்டு வளையம், என் வீட்டுக்காரி தெசாங்கா கிளறிய மிளகாய் ஐவார் ஒரு பாட்டில், பிறகு இந்தக் கடிதம். பொட்டலத்தை வாங்கும்போதே ஸ்வெட்கோ முகர்ந்து பார்த்தான். ஏதாவது குறைந்திருந்தால் அவனைக் கேள், என்னைக் கேட்காதே.

போனில் சொன்னால் ஆகாதா என்று சிரிப்பாய். வா, போ என்று சொல்லத்தான் போன். வாட், ஆம்பியர் எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடமாகக் கரண்டு வேலை பார்ப்பவனின் புத்தி அது.

விஷயம் என் புது கம்ப்யூட்டர். ஒரு வருடம் காத்திருந்து கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. மதர்போர்டும் புராசஸரும் அடுத்த மாதம் வரும். பட்டாளத்தில் ஒரே டாங்கிக்குள் இருந்த நாங்கள் நாலு பேரும் இப்போது நாலு ஊரில். புதன்கிழமை சாயங்காலம் டாங்கி விளையாட்டில்தான் ஒருவர் குரலை ஒருவர் கேட்கிறோம். என் பழைய பெட்டி திணறுவதால் மூன்று வருடமாக என்னால்தான் தோற்கிறோம். லிண்ட்ஸில் இருக்கும் வுகாஷின் போன வாரம் கேட்கிறான்: "ராடே, உன் டாங்கி டீசல்ல ஓடுதா, இல்ல மாடு இழுக்குதா?" ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தப் பேச்சு தேவையா?

பவர் சப்ளைதான் பாக்கி. மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். கார்டு முந்நூற்றிருபது வாட் இழுக்கும், புராசஸர் நூற்று நாற்பது, மற்றதெல்லாம் சேர்த்து எண்பது. ஆனால் கார்டு ஒரு கண நேரம் இரண்டு மடங்கு கேட்குமாம். அதனால் எண்ணூற்றைம்பது வாட். கார்டுக்கு இரண்டு தனித்தனிக் கேபிள் போக வேண்டும், ஒரே கேபிளைக் கிளை பிரித்துக் கொடுக்கக் கூடாது. உன் கடைப் பட்டியலில் மேலிருந்து நாலாவதாக இருக்கும் கறுப்புப் பெட்டி, தங்க முத்திரை, பத்து வருட உத்தரவாதம். அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இதில் மாஸ்டர் நீ. என் கல்யாணத்தில் எனக்குச் சாட்சியாக நின்று கூம் ஆனவன். உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வெட்கமில்லை. நான் நினைத்தது சரியா என்று பார்த்துச் சொல், அல்லது நீயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பு. கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறேன்.

ராடிசாவ்


நீஷ், 17 செப்டம்பர் 2021

கூமே ராடே,

பெக்லனா குறையாமல் வந்தது. ஸ்வெட்கோவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் நானே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். ஐவாரை என் மனைவி எனக்குக் காட்டாமல் எங்கோ வைத்துவிட்டாள்.

இனி உன் பவர் சப்ளை. நீ கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று சொல்கிறேன். உன் கடிதம் வந்தபோது கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள். உரக்கப் படித்துக் காட்டினேன். "பாருங்கப்பா, பிரோட்டுக் கரண்டுக்காரர் எனக்கே பாடம் எடுக்கிறார்! ரெண்டு கேபிள் தனித்தனியாப் போகணுமாம், தங்க முத்திரை வேணுமாம்!" சிரிப்போ சிரிப்பு. இதெல்லாம் உன் மேல் உள்ள பிரியத்தில்தான்.

ராடே, லேபிளில் இருப்பது வெறும் மை. எவனும் எதையும் அச்சடிப்பான். இருபத்தாறு வருடமாக நான் ஒரு பவர் சப்ளையின் லேபிளைப் படித்ததில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். உள்ளே செம்பும் அலுமினியமும் நிறைய இருந்தால் கனக்கும். காலியாக இருந்தால் பஞ்சு மாதிரி இருக்கும். நீஷில் பாதிப்பேர் என் கையை நம்பித்தான் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள்.

நீ சொன்ன நாலாவதை இடது கையில் வைத்தேன். புதிதாக வந்த ஒன்றை வலது கையில் வைத்துக் கண்ணை மூடினேன். வலது கை அப்படியே கீழே போயிற்று. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆயிரம் வாட். யாருக்கும் தெரியாத பெயர்தான், ஆனால் நீ பெயரையா கம்ப்யூட்டருக்குள் மாட்டப் போகிறாய்? ஆறு பெட்டிதான் வந்திருக்கிறது, ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். நாளை இரண்டு மணி பஸ். ஸ்வெட்கோவிடம், "கீழ போட்டா கால் விரல் போயிடும், பாத்து" என்று சொல்லியிருக்கிறேன்.

மாட்டு, விளையாடு, லிண்ட்ஸ்காரனின் வாயை அடை.

உன் திஹோமிர்


பிரோட், 5 நவம்பர் 2021

கூமே,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் போய்விட்டது.

புதன் சாயங்காலம் புதுப் பெட்டியில் முதல் தடவையாக நாலு பேரும் சேர்ந்தோம். படம் அவ்வளவு துல்லியம், புல்லுகூடத் தெரிந்தது. வுகாஷின் ஒன்றும் பேசவில்லை, அதுவே எனக்குப் பெரிய பரிசு. இருபது நிமிடம் இருக்கும். மலைச்சரிவில் ஏறும்போது பெட்டிக்குள் ஒரு வெடி, நீல வெளிச்சம், அழுகிய மீன் மாதிரி நாற்றம். வீட்டு ஃபியூஸும் இறங்கிவிட்டது. மறுநாள் உள்ளூர்க் கடையில் காட்டினேன். மதர்போர்டு செத்துவிட்டது, கார்டு செத்துவிட்டது, புகைப்படங்கள் இருந்த டிஸ்க்கும் போயிற்று.

பவர் சப்ளையை உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். சீலை நான் உடைக்கவில்லை. அது உன் தொழில், உன் கையால் திறப்பதுதான் முறை.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஃபியூஸ் இறங்கியதும் நான் வீட்டு மெயின் போர்டைத் திறந்தேன். திறந்த உடனே பழக்க தோஷத்தில் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்கினேன். எந்தப் போர்டைத் திறந்தாலும் என் கை முதலில் அதைத்தான் செய்யும். நியூட்ரல் ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே போயிற்று. அலுமினிய ஒயர், வருடக் கணக்கில் கொஞ்சம் தளரும், அது சகஜம்தான். ஆனால் இறுக்குவதற்கு முன் அது எவ்வளவு தளர்ந்திருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். வேலைக்கு வரும் பையன்களிடம் இதற்காகவே கத்துகிறவன் நான்.

மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும். ஒரு பக்கம் வோல்டேஜ் எகிறும். அப்படி ஆகியிருக்குமா? திறந்து பார்த்து எனக்கு உண்மையைச் சொல். தப்பு என் வீட்டு ஒயரில் என்றால் எனக்குத் தெரிய வேண்டும்.

ராடிசாவ்


நீஷ், 10 நவம்பர் 2021

கூமே,

உன் கடிதத்தைப் படித்து மனசு உடைந்துவிட்டது. கார்டுக்காக நீ எவ்வளவு காத்திருந்தாய்! போகட்டும், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே. தெசாங்காவுக்கும் உனக்கும் ஒன்றும் இல்லாதவரை மற்றதெல்லாம் வெறும் தகரம்.

பவர் சப்ளையைத் திறந்து பார்த்தேன். நல்ல சாமான்தான். அதன் மேல் பழி சொல்ல எதுவுமில்லை. நீயே எழுதிவிட்டாய் ராடே, நான் என்ன புதிதாகச் சொல்ல? நியூட்ரல் தளர்ந்து ஒரு கணம் வோல்டேஜ் எகிறியிருக்கிறது. முந்நூறு, முந்நூற்றைம்பதுகூடப் போயிருக்கலாம். எந்த பவர் சப்ளை தாங்கும்? அது தன்னைப் பலி கொடுத்து வீட்டைக் காப்பாற்றியது என்றுதான் நான் சொல்வேன்.

ஃப்ரிட்ஜுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பாய். உன் ஃப்ரிட்ஜ் யூகோஸ்லாவியா காலத்து இரும்பு, அதன் மேல் இடி விழுந்தாலும் ஓடும். கம்ப்யூட்டர் அப்படி இல்லை, பூ மாதிரி. டிவி அப்போது ஆஃப் ஆகியிருந்திருக்கும். பல்பு எல்லாம் வேறு ஃபேஸில் இருந்திருக்கும். ஆக எல்லாம் பொருந்துகிறது.

இதற்காக நீ குன்றிப்போக வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு முன் போட்ட ஒயர், யாருக்கும் நடக்கும். யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். அடுத்த பெட்டிக்கு என் கடையில் விலை கேட்காதே, அதைப் பிறகு பேசுவோம். கடையில் கூட்டம், அவசரமாக எழுதுகிறேன்.

திஹோமிர்


பிரோட், 28 நவம்பர் 2021

கூமே,

பதினைந்து நாளாக நியூட்ரலில் மீட்டர் மாட்டி வைத்திருக்கிறேன். ஒரு துளி ஆட்டம் இல்லை. இருக்காது, நான்தான் இறுக்கிவிட்டேனே. தடயத்தை நானே அழித்துவிட்டு இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

தெசாங்காவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு ஞாபகம். அவளும் ஓடியது என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு, "திஹோமிர் படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். உனக்குத்தான் உன் வேலையில தப்பு வராதுன்னு ஒரு திமிர்" என்றாள். முப்பத்தொரு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் இப்படிப் பேசியதில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டேன்.

என் வீட்டை நினைத்து எனக்குக் கவலை இல்லை. இதே ஒயர், இதே போர்டு, அதே வருடங்களில் ஊரில் இன்னும் பதின்மூன்று வீட்டுக்குப் போட்டேன். அங்கேயும் நியூட்ரல் தளர்ந்திருந்தால்? அவற்றில் ஒன்றான ஸாகோர்க்காவின் வீட்டில் பிராண வாயு இயந்திரம் ஓடுகிறது.

புனித நிக்கோலா நாள் வருகிறது. எங்கள் குடும்பப் புனிதரின் ஸ்லாவா விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள், உனக்குத் தெரியாததா. நீ வராமல் எங்கள் குடும்ப விழா நடந்ததே இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: மேஜையில் இந்தப் பேச்சு வேண்டாம். பாதிரி சாமி வருவார், அந்த வீட்டுக்காரர்களில் சிலர் வருவார்கள். நானே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்கிறேன். முதலில் என் வாயிலிருந்து அவர்கள் கேட்க வேண்டும்.

ராடிசாவ்


நீஷ், 21 டிசம்பர் 2021

கூமே,

நான்கு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. தெசாங்கா எடுத்து, "கொட்டகையில இருக்கார்" என்றாள். கொட்டகையில் டிசம்பர் மாதத்தில் உனக்கு என்ன வேலை?

நான் வேண்டுமென்று செய்யவில்லை. மூன்று கிளாஸ் ரகியா உள்ளே போயிருந்தது. சாமி கேட்டார், "ராடிசாவ், அந்த மூலையில என்னப்பா துணி போட்டு மூடி வச்சிருக்க, பொணம் மாதிரி?" என்று. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாய். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஏதோ ஒரு சிரிப்பை உண்டாக்கலாம் என்று வாயைத் திறந்தேன். "கரண்டுக்காரன் வீட்டுக் கரண்டே அவன் கம்ப்யூட்டரைத் தின்னுடுச்சு, சாமி! நியூட்ரல இறுக்க மறந்துட்டான்!" அவ்வளவுதான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஸாகோர்க்காவின் மகன் மட்டும் சிரிக்கவில்லை, "எங்க வீட்டுக்கும் அவர்தானே போட்டார்?" என்று கேட்டான். நீ எழுந்து பண்டிகை ரொட்டியை எடுத்துவரப் போய்விட்டாய்.

சடங்குக்காக ரொட்டியைச் சாமியோடு சேர்ந்து சுற்றித் திருப்பும்போது நீ அதை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்தேன். வீட்டுத் தலைவன் அணைக்க வேண்டிய மெழுகுவர்த்தியை நீயே அணைக்காமல் உன் அண்ணன் மகனிடம் விட்டதையும் பார்த்தேன். கிளம்பும்போது நீ கை கொடுக்கவில்லை. எதிரிக்குக்கூட ஸ்லாவா அன்று கை கொடுக்கிற வீடு அது.

குடித்தவன் பேச்சு என்று விட்டுவிடு. ஊர் மறந்துவிடும்.

திஹோமிர்


பிரோட், 30 ஜனவரி 2022

திஹோமிர்,

ஊர் மறக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு எழுதுவதை நிறுத்திக்கொள்வோம்.

பதின்மூன்று வீட்டுக்கும் போனேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "என் வேலையில குறை இருக்கலாம், போர்டைத் திறந்து பாக்க விடுங்க" என்று கேட்டேன். எல்லாவற்றையும் திறந்தேன். இந்தத் தடவை இறுக்குவதற்கு முன் அளந்தேன். ஒன்றில்கூட ஆபத்தான தளர்வு இல்லை. ஆனால் அதை யார் கேட்கிறார்கள்? வந்து நின்றவன் தப்பை ஒத்துக்கொள்ள வந்தான், அதைத்தான் அவர்கள் கேட்டார்கள். நாலு வீட்டில் வேறு ஆளை வைத்து மறுபடி பார்த்தார்கள். ஸாகோர்க்காவின் மகன் என்னை உள்ளேயே விடவில்லை, வேறு ஆள் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் விட்டான். குழந்தைகள் பள்ளிக்கு ஒயர் மாற்றும் வேலை எனக்கு வருவதாக இருந்தது. பக்கத்து ஊர் டிமிட்ரோவ்கிராட்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது நியாயம்தான், குழந்தைகள் இருக்கிற இடம்.

சாலையில் என்னைப் பார்த்தால் சிலர் ஸ்க்ரூ திருகுவது போல் விரலைத் திருகிக் காட்டுகிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறேன். புதன்கிழமை வுகாஷின் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபமில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ உண்மையைச் சொன்னாய், இடம்தான் தப்பு. உண்மை சொன்னவனுக்குக் கை கொடுக்காமல் விட்டேனே என்று எனக்கே என்மேல் அசிங்கமாக இருக்கிறது. அதற்கு மன்னித்துக்கொள்.

ராடிசாவ்


நீஷ், 6 பிப்ரவரி 2022

ராடே,

கூமே என்று எழுதக் கை வரவில்லை.

உன்னை என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேனே. அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. தெளிவாகவே எழுதுகிறேன், அப்புறம் நீ என்னை எது வேண்டுமானாலும் சொல்.

உன் நியூட்ரலில் தப்பு இல்லை. உன் ஒயரில் தப்பு இல்லை. நவம்பரிலேயே எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சீலை உடைத்தேன். மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. மூலையில் ஒரு சோப்புக்கட்டி அளவுக்குச் சிமென்ட். பசை போட்டு ஒட்டி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வோல்டேஜைக் காக்க வேண்டிய பாகங்கள் இருக்கும் இடத்தில் வெறும் ஓட்டைகள். ஆயிரம் வாட் இல்லை, நானூறுகூடத் தாங்காது. உன் கார்டு மலைச்சரிவில் ஒரு கணம் இழுத்ததும் வெடித்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

அந்தச் சிமென்டைக் கையில் எடுத்தேன், ராடே. இந்தக் கைதான். கடை முழுக்கக் கை தட்ட, நான் கண்ணை மூடிக்கொண்டு எடை பார்த்தது அதைத்தான். உள்ளங்கையில் எடை பார்த்து வாங்குகிறவன் நீஷில் நான் மட்டும் இல்லை, எங்களைப் போன்றவர்களுக்காகவே எவனோ அதை ஒட்டியிருக்கிறான். மீதி ஐந்தில் கடையிலிருந்த மூன்றை அன்றே திறந்தேன். விற்றிருந்த இரண்டை, கம்பெனி திருப்பிக் கேட்கிறது என்று பொய் சொல்லி வாங்கி வந்தேன். எல்லாவற்றிலும் சிமென்ட்.

நீ கேட்டது சரியான பெட்டி. நீ மூன்று வாரம் படித்துச் சரியாகத் தேர்ந்தெடுத்தாய். நான் அதைக் கடையில் வைத்துச் சிரித்தேன். உன்னிடம் தோற்றேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் நீ எழுதிய கால் சுற்று இருந்தது. நீ ஒளிக்காமல் எழுதிய ஒரே காரணத்தால் அது எனக்குக் கிடைத்தது. அதை எடுத்து உன் மேலேயே போட்டேன். ஸ்லாவா அன்று குடிபோதையில் பேசினேன் என்றதும் பொய். மூன்று ரகியாவில் நான் தள்ளாடுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் ஒரு தடவை சிரித்துவிட்டால் அது நிலைத்துவிடும், இனி யாரும் பவர் சப்ளையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

நீ பதின்மூன்று வாசலில் தொப்பியோடு நிற்பாய் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். உன்னை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

இத்துடன் நீ கேட்ட நாலாவது, கறுப்புப் பெட்டி வருகிறது. கார்டும் மதர்போர்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இதனால் எதுவும் சரியாகாது என்று தெரிந்தே அனுப்புகிறேன்.

திஹோமிர்


பிரோட், 12 பிப்ரவரி 2022

திஹோமிர்,

பெட்டியை ஸ்வெட்கோவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரிக்கவில்லை.

உன் கடிதத்தைக் கொட்டகையில் நின்றுகொண்டு படித்தேன். முதலில் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் வேலையில் தப்பில்லை. பிறகு உட்கார்ந்துவிட்டேன். நான் எந்த ஸ்க்ரூவையும் மறந்தவன் இல்லை என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். என் கையைவிட உன் வார்த்தையை நம்பினேன். கூம் சொன்னான் என்று.

காகிதத்துக்கு முகம் கிடையாது. நீ என்னிடம் காகிதத்தில் சொன்னாய். நான் ஊரில் வாசல் வாசலாகச் சொன்னேன். என் பெயர் போன இடம் என் மேஜை இல்லை, அந்த வாசல்கள்; அங்கே போய் உண்மையைச் சொல். பின்பக்கம் பதின்மூன்று பெயரும் தெருவும் எழுதியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. நான் உன்னோடு வர மாட்டேன். உனக்குத் துணையாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன்.

வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ராடிசாவ்


நீஷ், 20 பிப்ரவரி 2022

ராடே,

நேற்று வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் ஸ்வெட்கோ என்னைப் பார்த்து, "மாஸ்டர் என்ன, பொட்டலம் இல்லாம வெறுங்கையா?" என்றான். வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன். "ராடிசாவ் போட்ட ஒயரில் குறை இல்லை. குறை நான் கொடுத்த சாமானில். தெரிந்தே பொய் சொன்னேன்." மூன்று வரிதான். முதல் வாசலில் முதல் வரியையே இரண்டு தடவை சொன்னேன்.

ஸாகோர்க்காவின் வீட்டைத்தான் முதலில் எழுதியிருந்தாய். மகன் கதவைத் திறந்தான். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "உள்ள வாங்க, அம்மாகிட்டயும் சொல்லிடுங்க" என்றான். கட்டிலில் மூக்கில் குழாயோடு இருந்த அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். காபி தயாராக இருந்தது. குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்கள்.

இரண்டாவது வீட்டிலும் காபி. மூன்றாவதில் காபியோடு ஒரு கரண்டி சீமைமாதுளை இனிப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி. ஒருவரும் கத்தவில்லை. தபால்காரர் விளாட்டா மட்டும், "அப்ப ரெண்டு மாசமா நாங்கதான் அவரைப் பாத்து விரலைத் திருகிக்கிட்டு இருந்தோமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற வீடுகளில் கேட்டார்கள், தலையாட்டினார்கள், காபியை என் பக்கம் நகர்த்தினார்கள். பிரோட்டுக்காரர்களைக் கஞ்சர்கள் என்று நாற்பது வருடமாகக் கேலி செய்தவன் நான். எட்டாவது வீடு வந்ததும் எனக்கே சந்தேகம் வந்தது. நான் வருவதற்கு முன்பே எல்லா அடுப்பிலும் எப்படிக் காபி கொதிக்கிறது?

பதினோராவது வீட்டில் அந்தத் தையல்காரப் பெண், நடா, அவளால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நேத்தே ராடிசாவ் வந்துட்டுப் போனார்" என்றாள். "நாளைக்கு ஒருத்தர் வருவார், சொல்றதை முழுசாக் கேளுங்க, திட்டி அனுப்பாதீங்க, தூரத்துல இருந்து வர்றார், ஒரு காபி குடுங்கன்னு சொல்லிட்டுப் போனார்."

அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். ஐம்பத்தொன்பது வயது ஆள், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு காபி ஊற்றினாள்.

ஏன் அப்படிச் செய்தாய்? ஒரு வார்த்தைகூடத் துணைக்கு வராது என்று எழுதினாயே. ஊரார் என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் வந்தேன். நீ தொப்பியோடு நின்றபோது உனக்காக யார் முதல் நாள் போய்ச் சொன்னார்கள்? ஊரை உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்த என் பேச்சுதான் முன்னால் போயிருந்தது.

பதின்மூன்றையும் முடித்தேன். கடைசியில் உன் தெருவுக்கு வந்தேன். உன் கேட்டுக்கு வெளியே நின்றேன். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கினேன், தட்ட முடியவில்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடையில் இனி லேபிளைப் படிக்கிறேன். வாடிக்கையாளர்கள் கையில் வைத்துப் பார்க்கச் சொன்னால், என் கையை நம்பாதீர்கள் என்று காரணத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும்.

திஹோமிர்


பிரோட், 22 பிப்ரவரி 2022

கூமே,

நீ கேட்டுக்கு வெளியே நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். பதினோரு நிமிடம் நின்றாய். நான் வெளியே வந்திருக்கலாம். எனக்கும் கால் எழவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ஏன் போனேன் என்று கேட்கிறாய். அந்த வாசல்களில் நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு காரணம் இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது இன்னும் ஆகவில்லை. சில நாள் ஆகிறது, சில நாள் ஆகவில்லை.

கறுப்புப் பெட்டியை பஸ்ஸில் அனுப்பாதே. வரும்போது நீயே தூக்கிக்கொண்டு வா. இரண்டு கேபிளையும் தனித்தனியாக நீதான் மாட்ட வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

தெசாங்காவிடம் இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லி அவளுக்குத் தெரியும், ஆனால் உன் வாயால் கேட்க வேண்டும் என்று இருக்கிறாள். அன்றைக்கு நீ தெரு முனையில் திரும்பும்போதே காபியைப் போட்டுவிட்டாள். ஆறிப்போன பிறகும் கோப்பையைக் கழுவாமல் மேஜையிலேயே வைத்திருந்தாள். பதின்மூன்று வீட்டில் குடித்தவன் நம் வீட்டில் மட்டும் ஏன் குடிக்கவில்லை, அவனை நம்பினதைத் தவிர நாம் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

ராடிசாவ்